முந்நூற்றுப் பன்னிரண்டு ஆத்துமா

அந்தக் கல்லூரி வாசலுக்கு எதிரே பஞ்சர் ஒட்டுகிறவர் இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை ஆண்டவரிடம் வந்து சேர்ந்திருக்கிறார். நம்பாதவர்கள் ஊழியத் துறை அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஏழு கட்டுப் பச்சைக் கோப்புகளில் தேதி, நேரம், கையெழுத்து எல்லாம் சுத்தமாக இருக்கிறது. இத்தனைக்கும் மனிதர் பிறவிக் கிறிஸ்தவர். அவருடைய அப்பா ஆலய மணி அடித்தவர். தொட்டிலில் கிடக்கும்போதே ஞானஸ்நானம் வாங்கியவருக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை எதற்கு இரட்சிப்பு என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கல்லூரியில் நியாயமான கேள்விக்குப் படிவம் கிடையாது, அதனால் இதுவரை யாரும் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். அங்கே கணக்குப் படிக்க வந்தாலும் சரி, வணிகம் படிக்க வந்தாலும் சரி, ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு ஆத்துமாவையாவது சந்தித்தாக வேண்டும். ஆண்டவரை அறியாத ஒருவரைப் பிடித்து, ஐந்து கேள்வி கேட்டு, ஒரு கதை சொல்லி, ஜெபம் பண்ணி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வர வேண்டும். இதற்கு ஊழிய அட்டை என்று பேர். அட்டை நிரம்பாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. அறியாதவருக்குப் பத்துப் புள்ளி, அரைகுறையாக அறிந்தவருக்கு நாலு, ஏற்கெனவே அறிந்தவருக்குப் பூஜ்யம். அட்டையின் கடைசி வரியில், 'மேற்படி நபர் எனக்கு உறவினரோ அறிமுகமானவரோ அல்லர் என்று உறுதி கூறுகிறேன்' என்று அச்சடித்திருக்கும். ஆரம்பத்தில் விடுதிப் பிள்ளைகள் லீவுக்குப் போனபோது சொந்தச் சித்தி, பெரியம்மாக்களையே இரட்சித்துக்கொண்டு வந்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு சேர்த்த வரி அது.

சரி, ஆத்துமாவுக்கு எங்கே போவது? சுற்றி இருந்த தெருக்களில் பச்சை அட்டையைத் தூரத்தில் கண்டாலே ஜனங்கள் உஷாராகிவிடுவார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் மேஜைக்கு அடியில் எதையோ தேடப் போய்விடுவார். தையல்காரர் நாலு ஊசியை எடுத்து வாயில் கவ்விக்கொள்வார், வாயில் ஊசி இருக்கிறவரிடம் கேள்வி கேட்க முடியாதே. பஞ்சர்காரருக்குத்தான் ஓட வழியில்லை. டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருக்கும் மனிதர் பாதியில் எழுந்து எங்கே போவார்?

முதலில் வந்தது ஒட்டடைக்குச்சி மாதிரி உயரமான ஒரு பெண். பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

"ஐயா, உங்களுக்கு ஆண்டவரைத் தெரியுமா?"

"தெரியாம என்னம்மா? நான் பொறந்ததே..."

பாதியில் நிறுத்திவிட்டார். அந்தப் பெண்ணின் முகம் காற்றுப் போன டயர் மாதிரி ஆகிவிட்டது.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லைங்க. நீங்க ஏழாவது ஆளு. எல்லாருமே தெரியும்னுதான் சொல்றாங்க. நாளைக்குக் காலையில பரீட்சை." கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது.

பஞ்சர்காரர் கையைத் துடைத்துக்கொண்டு முக்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். "சரி, தெரியாதுன்னே வச்சுக்கோ. சொல்லு, கேக்குறேன்."

அவ்வளவுதான். ஒருத்திக்கு இரக்கப்பட்டதற்கு ஊரே வந்து வரிசையில் நின்றது. மூத்த மாணவர்கள் இளைய மாணவர்களுக்கு நோட்ஸ் கொடுப்பதுபோல் அவரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அட்டைக்கு அட்டை வேறு பேர் வேண்டுமே? முதலில் பங்காளிகள் பேரைக் கொடுத்தார், அப்புறம் மச்சான்கள், அதுவும் தீர்ந்ததும் செத்துப்போனவர்கள். அவருடைய மாமனார் உயிரோடு இருந்த காலத்தில் யார் சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர். செத்த பிறகு நாலு தடவை மனம் திரும்பினார். சொந்தப் பேரை மட்டும் அவர் ஒருநாளும் கொடுத்ததில்லை. அதில் மட்டும் ஏதோ ஒரு கூச்சம்.

அட்டையில் மூன்று கதை இருக்கும், அதில் சின்னது மீன்காரச் சீடர் கதை. அதனால் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் சொல்லுவார்கள். ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரியில், 'எனக்கு அந்த ஆளைத் தெரியவே தெரியாது' என்று மூன்று தடவை சத்தியம் பண்ணுவாரே, அவர் கதை. மூன்றாவது தடவை சொல்லி வாய் மூடுவதற்குள் சேவல் கூவும், மனிதர் வெளியே போய்த் தேம்பித் தேம்பி அழுவார். பிள்ளைகளுக்கு வகுப்புக்கு ஓடுகிற அவசரம். ஒருத்தன் சேவல் இரண்டாவது தடவையிலேயே கூவிவிட்டது என்பான். ஒருத்தி சேவலையே விட்டுவிட்டு நேராக அழுகைக்குப் போய்விடுவாள். பஞ்சர்காரர் உப்புத்தாளால் டியூபைத் தேய்த்துக்கொண்டே, "நடுவுல ஒரு சேவல் வருமேம்மா" என்று எடுத்துக்கொடுப்பார்.

இத்தனை கூத்தும் திங்கள் முதல் சனி வரைதான். ஞாயிற்றுக்கிழமை அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மனைவி மகளோடு அதே கல்லூரியின் ஆலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அந்த ஆலயத்தின் உச்சியில் காற்று வீசும் திசையைக் காட்ட ஒரு தகரச் சேவல் உண்டு. துருவேறி, எந்தக் காற்றுக்கும் அசையாமல், எப்போதும் முதல்வர் அறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மகள் பள்ளியை முடித்தாள். அவளுக்குக் கணக்கு என்றால் உயிர். சின்ன வயதில் கடையில் உட்கார்ந்து சக்கரக் கம்பிகளை எண்ணி எண்ணிப் பெருக்கல் கற்றுக்கொண்டவள். கணக்குப் பட்டப்படிப்பு பக்கத்தில் அந்தக் கல்லூரியில்தான் இருந்தது. அதை விட்டால் ரயிலில் ஒரு பகல் போக வேண்டும், விடுதியில் விட வேண்டும், அதெல்லாம் அவர் சக்திக்கு நடக்கிற காரியமா? நல்ல மதிப்பெண்தான், ஆனால் பொதுப்பட்டியலில் இரண்டு மதிப்பெண்ணில் விட்டுப்போனது. கிறிஸ்தவர்களுக்கான இடத்தில் நிச்சயம் கிடைக்கும் என்று சேர்க்கைப் பிரிவுக்குப் போனார்கள்.

"சபைக் கடிதம் எங்க?" என்றார் எழுத்தர், தலையைத் தூக்காமல்.

"எங்க ஊர்ச் சபைப் பதிவேட்டை வெள்ளம் அடிச்சுட்டுப் போயிடுச்சு சார். இங்க உங்க ஆலயத்துலதான் பதினெட்டு வருஷமா கடைசி பெஞ்சுல உக்காருறேன்."

"பெஞ்சு கடிதம் குடுக்குமா?"

"நீங்களே பார்த்திருக்கீங்களே சார். போன வாரம் பாட்டுப் புத்தகம் உங்ககிட்டதான வாங்கினேன்?"

"பார்த்தது நான். இங்க உக்காந்திருக்கிறது எழுத்தர். எழுத்தருக்குக் காகிதம் வேணும்." கொஞ்சம் மனம் இளகியவர்போல் பேனாவை மூடினார். "ஊழியத் துறையில போய்க் கேளுங்க. அவங்க பதிவேட்டுல உங்க பேர் இருந்தா, அதையே கடிதமா எடுத்துக்கலாம்."

பஞ்சர்காரருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அட, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தோமே என்று நினைத்தார். பதிவேட்டில் ஒரு தடவையா இரண்டு தடவையா, முந்நூறுக்கு மேல் அல்லவா இருக்கிறோம்!

ஊழிய இயக்குநரின் அறை பெரிய அறை. சுவர் முழுக்க ஊர் வரைபடம் ஒட்டியிருந்தது. ஒரு ஆத்துமாவுக்கு ஒரு குண்டூசி. ஊரின் மற்ற பகுதிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குத்தியிருக்க, கல்லூரி வாசலுக்கு எதிரே மட்டும் குத்திக் குத்திப் பலகையே ஓட்டையாகிவிட்டது. ஓட்டையை மறைக்க ஒரு சிவப்பு நட்சத்திரம் ஒட்டி வைத்திருந்தார்கள்.

"அந்த முனையைப் பாருங்க சகோதரரே!" என்று எழுந்தே நின்றுவிட்டார் இயக்குநர். "முந்நூத்திப் பன்னெண்டு! தலைமை அலுவலகமே ஆடிப்போயிடுச்சு. அந்த முனைக்காகத்தான் எனக்கு இந்த நாற்காலி குடுத்தாங்க. என்ன விசேஷமா வந்தீங்க?"

பஞ்சர்காரர் விஷயத்தைச் சொன்னார். ஒட்டடைக்குச்சிப் பெண்ணில் ஆரம்பித்து மாமனார் வரை ஒன்றையும் மறைக்கவில்லை. இயக்குநர் மெல்ல மெல்ல உட்கார்ந்தார்.

"எல்லாம் நீங்க ஒருத்தரேவா?"

"ஆமாங்க. பாவம், பிள்ளைங்களுக்குப் பரீட்சை..."

"நில்லுங்க. நீங்க சொல்றதை நான் இன்னும் கேக்கல." கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நல்லா யோசிச்சுப் பேசுங்க. முந்நூத்திப் பன்னெண்டும் நீங்கதான்னா, முந்நூத்திப் பதினொரு ஆத்துமா காணாமப் போகுது. ஒரே நாள்ல! அத்தனை ஆத்துமா அழிஞ்சதுக்கு நாளைக்குக் கடவுள் சந்நிதியில யார் பதில் சொல்றது? நீங்க சொல்வீங்களா?"

"அவங்க இருந்தாத்தானுங்களே அழியுறதுக்கு?"

"இருக்காங்க! கோப்புல இருக்காங்க!" மேஜையைத் தட்டினார். பிறகு குரலை இறக்கிக்கொண்டார். "விசுவாசம்னா என்ன சகோதரரே? கண்ணால காணாததை நம்புறது. நான் அந்த முந்நூறு பேரையும் ஒருநாளும் கண்ணால கண்டதில்ல. இருந்தும் நம்புறேன். நீங்க ஏன் நம்பக் கூடாது?"

பஞ்சர்காரருக்குத் தலை சுற்றியது. "அதெல்லாம் இருக்கட்டுங்க. நான் கிறிஸ்தவன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா மகளுக்கு..."

இயக்குநர் ஏழு கட்டையும் மேஜையில் இறக்கி அகரவரிசையில் தேடினார். அரை மணி நேரம் தேடினார். முகம் மலர்ந்தது.

"உங்க சொந்தப் பேர் இதுல எங்கயுமே இல்ல. அப்படின்னா என்ன அர்த்தம்? அந்த முனையில முந்நூத்திப் பன்னெண்டு பேர் அறிஞ்சாச்சு. அறியாம மிச்சம் இருக்குற ஒரே ஆள் நீங்கதான்!" குரல் தழுதழுத்தது. "உங்களுக்காக நாங்க எவ்வளவு பாரப்பட்டிருக்கணும்!"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் இந்தப் பூசாரி வேறு ஒரு வரம் வைத்திருந்தார். பணித்தளப் பிள்ளைகள் ஒதுக்கீடு என்று ஒன்று உண்டாம். ஆண்டவரை அறியாதவரின் பிள்ளைகளுக்காக, மூன்று இடம். ஆறு வருஷமாக ஆள் வராமல் காலியாகவே கிடக்கிறதாம்.

"ஏன் வரலைங்க?"

"எங்க ஊழியம் அவ்வளவு பலமா நடக்குது. அறியாத ஆளே கிடைக்கல." இயக்குநர் ஒரு படிவத்தை நகர்த்தினார். "நீங்க இதுல கையெழுத்துப் போடுங்க. ஆண்டவரை அறியேன்னு ஒரே வரி. மகளுக்கு இடம் உறுதி. ஆனா மூணு வருஷம் ஆலயப் பக்கம் தலை காட்டக் கூடாது. தணிக்கைக்கு வருவாங்க. கடையில சிலுவை கிலுவை இருந்தா எடுத்துடுங்க."

வீட்டில் மனைவி, ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை முடித்து வந்தவள், கேட்டதும் பையைத் தரையில் போட்டாள்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கு இரக்கப்பட்டு ஊர்ல இல்லாத பொய்யெல்லாம் சொன்னீங்களே, இப்ப நம்ம பிள்ளைக்கு உண்மையச் சொன்னா எவன் கேக்குறான்?"

"வேணாம்ப்பா," என்றாள் மகள். "நான் வேற ஏதாவது படிக்கிறேன்."

"வேற என்ன படிப்ப?"

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் அதை மடித்து வைத்துவிட்டாள். அந்த மடிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மறுநாள் காலை போய்க் கையெழுத்துப் போட்டார். கடைச் சுவரில் அப்பா காலத்து மரச்சிலுவை ஒன்று, விரல் நீளத்துக்கு, ஆணியில் தொங்கும். அதைக் கழற்றி பேட்ச் டப்பாவுக்குள் வைத்து மூடினார்.

அத்தோடு விட்டார்களா? கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதுபோல் ஒரு குழு புறப்பட்டு வந்தது. அவர் உண்மையிலேயே அறியாதவர்தானா என்று சோதிக்கும் குழு. பொருளாதாரப் பேராசிரியர், விலங்கியல் பேராசிரியை, உடற்பயிற்சி ஆசிரியர். கடை வாசலில் மூன்று நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

"ஆண்டவர் எங்க பொறந்தார்?" என்று பொருளாதாரம் ஆரம்பித்தார்.

பஞ்சர்காரர் எச்சில் விழுங்கினார். "ஆஸ்பத்திரியில சார்."

"பிரமாதம்!" என்று விலங்கியல் குறித்துக்கொண்டார்.

"சீடர்கள் எத்தனை பேர்?"

"ஏழெட்டு பேர் இருப்பாங்களா சார்?"

"அய்யய்யோ, பதினொண்ணு," என்றார் உடற்பயிற்சி. "ஒரு டீம்."

"பத்துன்னு நினைக்கிறேன்," என்றார் பொருளாதாரம்.

"நீங்க யூதாசையும் சேர்த்துச் சொல்றீங்களா, விட்டுட்டுச் சொல்றீங்களா?" என்று விலங்கியல் கேட்க, மூன்று பேரும் விரலை மடக்கி மடக்கி எண்ணினார்கள். பஞ்சர்காரர் பன்னிரண்டு என்று சொல்லிவிடாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டார். ஓட்டையே இல்லாத டியூபுக்கு நாலு தடவை காற்றடித்தார். கடைசியில், சரியான விடை அட்டையில் இல்லாததால் அந்தக் கேள்வியை ரத்து செய்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ஆலய மணி பன்னிரண்டு அடித்தது. மணி அடிக்கிற வீட்டில் பிறந்த உடம்பு, அதுபாட்டுக்குக் கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொண்டது.

"என்ன பண்றீங்க?" என்றார் பொருளாதாரம், கூர்மையாக.

"கண்ணுல தூசி சார்."

குழுவின் அறிக்கை ஒரே பக்கம்: 'நேரில் விசாரித்ததில் நபர் எதையுமே அறியாதவர். மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது.'

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்தார். மனைவியும் மகளும் ஆலயத்துக்குள் போவார்கள், இவர் எதிரே டியூபைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு சைக்கிள்கூட வராது. பாட்டுச் சத்தம் ரோட்டைத் தாண்டி வரும். உதடு அசைந்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோமே என்று மனசுக்குள்ளேயே பாடிக்கொள்வார்.

சேர்க்கைப் பட்டியல் வெளியாக மூன்று நாள் இருக்கும்போது மிஷனரி வாரம் வந்தது. சிறப்பு விருந்தினர், மலைக்காட்டில் இருபத்திரண்டு வருஷம் ஊழியம் செய்த ஒரு வயதான மிஷனரி. செருப்பைத் தவிர அவரிடம் புதிதாக ஒன்றும் இல்லை. அந்தச் செருப்பும் கல்லூரி வாங்கிக் கொடுத்தது. ஒலிபெருக்கி வழியே இயக்குநரின் உரை கடைவரைக்கும் கேட்டது.

"நம் விருந்தினர் இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்பது பேரை வழிநடத்தினார். அவரை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது! காட்டில் படிவம் இல்லை, அட்டை இல்லை, பாவம், அவர் என்ன செய்வார்? ஆனால் திட்டமிடல் இருந்தால் என்ன ஆகும்? ஒரே முனை! ஒரு பருவத்தில் பதின்மூன்று பேர்! வெயிலில் நடக்காமல், காய்ச்சல் வராமல், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிடும் தூரத்தில்! அன்பான மாணவர்களே, இதுதான் தரிசனம்!"

கைதட்டல் ஓய்வதற்குள் மிஷனரி பின்வாசல் வழியே காவலாளியின் சைக்கிளை வாங்கிக்கொண்டு நழுவிவிட்டார். அந்த முனையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. வந்து பார்த்தால் ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு தையல் கடை, ஒரு சுவர், ஒரு பஞ்சர் கடை. சைக்கிளின் பின்சக்கரமும் அங்கே வந்து உயிரை விட்டது.

"அந்த முந்நூத்திப் பன்னெண்டு பேர் எங்கங்க இருக்காங்க?" என்று முக்காலியில் உட்கார்ந்தார்.

பஞ்சர்காரர் டயரைக் கழற்றிக்கொண்டே, "எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்க சார்" என்றார்.

"எல்லாருமா?"

"உழைப்பாளிங்க சார்."

மிஷனரி காலி ரோட்டை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் பார்த்தார். "நீங்க? உங்களுக்கு ஆண்டவரைத் தெரியுமா?"

பிள்ளைகள் யாராவது கேட்டிருந்தால் பதில் வாயிலேயே இருந்திருக்கும். இந்த மனிதர் அட்டை இல்லாமல் கேட்டார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இன்னும் மூன்று நாள். பட்டியலில் மகள் பேர் ஏறிவிட்டால் போதும்.

"தெரியாது சார்."

"சுத்தி இத்தனை பேர் இருந்தும், ஒருத்தர்கூடவா உங்ககிட்டச் சொல்லல?"

"யாருக்கும் நேரம் இல்ல போல சார்."

பேட்ச் எடுக்க டப்பாவைத் திறந்தார். பழக்க தோஷத்தில் அகலமாகவே திறந்துவிட்டார். வட்ட ரப்பர்களுக்கு நடுவில் மரச்சிலுவை கிடந்தது. மிஷனரி டப்பாவைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். பஞ்சர்காரர் டப்பாவைக் கையால் மூடிக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு, பிள்ளையின் படிப்பு போச்சு.

"பிள்ளைங்க இருக்கா?" என்றார் மிஷனரி.

"ஒரு பொண்ணு சார். கணக்குப் படிக்கணுங்குறா."

மிஷனரி அதற்கப்புறம் டப்பாப் பக்கம் திரும்பவே இல்லை. "நானும் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லப் போறதில்ல, பயப்படாதீங்க. பேசிப் பேசி வாய் வலிக்குது. காத்து மட்டும் நல்லா அடிச்சுக் குடுங்க."

சாயங்காலம் மேடையில் அந்த முனையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மைக்கை நீட்டியபோது, அங்கே காற்று நன்றாக அடிக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஆண்டறிக்கையில் இயக்குநர் அதை, 'விருந்தினர் அந்த முனையில் பரலோகக் காற்று வீசுவதை உணர்ந்து கண்கலங்கினார்' என்று எழுதிக்கொண்டார்.

பட்டியல் வந்தது. மகள் பேர் இருந்தது. பஞ்சர்காரர் அன்று கடைக்கு வந்த எல்லாச் சைக்கிளுக்கும் சும்மாவே காற்றடித்துக் கொடுத்தார். மகள் புது நோட்டோடு வாசலுக்குள் நுழையும்போது இந்தப் பக்கம் திரும்பிக் கையசைத்தாள். இவர் பம்பைத் தூக்கிக் காட்டினார்.

இரண்டு வாரம் ஆகியிருக்கும். மதியம் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. முதலாண்டுப் பிள்ளைகள் ஒரு கூட்டமாகப் பச்சை அட்டையோடு வெளியே வந்தார்கள். கூடவே குழுத்தலைவி, மூன்றாமாண்டு மாணவி, கழுத்தில் விசில். சாயங்கால மணிக்குள் முதல் ஆத்துமாவைக் காட்டாதவர்களுக்கு வருகைப் பதிவு இல்லையாம். ஜெராக்ஸ்காரர் மேஜைக்கு அடியில் போனார். தையல்காரர் ஊசியைக் கவ்வினார். தெரு துடைத்துவிட்டாற்போல் ஆனது.

கூட்டத்தில் ஒருத்தி மட்டும் அட்டையை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்றாள். குழுத்தலைவி அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏன் முழிக்கிற? அதோ, அந்த பஞ்சர்காரர்கிட்டப் போ. ரொம்ப ஈஸியான ஆளு. அஞ்சு நிமிஷத்துல மனம் திரும்பிடுவார். வா, நானே கூட வர்றேன்."

மகள் வந்து நின்றாள். பின்னால் விசிலோடு குழுத்தலைவி. பஞ்சர்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவள் ஆண்டவரை அறியாதவரின் மகளாக இடம் வாங்கியவள்; அஞ்சு நிமிஷத்தில் மனம் திரும்பும் இந்த ஆள்தான் அப்பா என்று வெளியே தெரிந்தால் இடம் போய்விடும் என்பது அவளுக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

"வணக்கம் ஐயா," என்றாள்.

பிறந்ததிலிருந்து அப்பா என்று கூப்பிட்ட வாய். அவர் கையைத் துடைத்துக்கொண்டு முக்காலியை நகர்த்தினார். "உக்காரும்மா."

"உங்களுக்கு... ஆண்டவரைத் தெரியுமா?"

"தெரியாதும்மா. சொல்லு, கேக்குறேன்."

அவள் மீன்காரச் சீடர் கதையை எடுத்தாள். அட்டையைப் பார்க்கவில்லை. அந்த ராத்திரியின் குளிர், முற்றத்தில் மூட்டியிருந்த தீ, அதில் குளிர்காய்ந்துகொண்டே அந்தச் சீடர் முகத்தை மறைத்துக்கொண்டது, வேலைக்காரப் பெண் அவரை உற்றுப் பார்த்தது எல்லாம் சொன்னாள். அட்டையில் தீயும் இல்லை, வேலைக்காரப் பெண்ணும் இல்லை. அதெல்லாம் அவளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் சொன்னதில் யாரும் இப்படிச் சொன்னதில்லை. சேவல் சரியான இடத்தில் கூவியது, எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. டியூப் தொட்டித் தண்ணீரில் அவர் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

"பேரு?" என்றாள்.

"யார் பேரைச் சொல்ல?" என்று முணுமுணுத்தார். பிறகு மாமனார் பேரையே ஐந்தாவது தடவையாகச் சொன்னார். சொந்தத் தாத்தாவின் பேரை அவள் மணி மணியாக எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார். மிச்சம் இருந்தது அவள் கையெழுத்து. பேனா கடைசி வரியில் போய் நின்றது. மேற்படி நபர் எனக்கு உறவினரோ அறிமுகமானவரோ அல்லர்.

பேனா நகரவில்லை.

"என்னாச்சு? சீக்கிரம்," என்றாள் குழுத்தலைவி, அடுத்த பிள்ளையைக் கூப்பிடத் திரும்பியபடி.

பஞ்சர்காரர் குனிந்து சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அந்தச் சத்தத்தில் மகளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

"போடும்மா. நான் ஆண்டவரைத் தெரியாதுன்னு எழுதிக் குடுத்தாச்சு. நீ என்னைத் தெரியாதுன்னு எழுது. அந்த மீன்காரரையே அவர் ஒண்ணும் சொல்லல."

அவள் போட்டாள். குழுத்தலைவி அட்டையைப் பிடுங்கிப் பார்த்தாள். "பத்துப் புள்ளி! நான் சொன்னேன்ல, ஈஸியான ஆளுன்னு?" மகள் எழுந்து, நன்றி ஐயா என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வாசலுக்குள் போனாள். நடை கொஞ்சம் வேகமாக இருந்தது.

சக்கரம் சுற்றி ஓய்ந்தது. பஞ்சர்காரர் தலையைத் தூக்கி ஆலயத்து உச்சியைப் பார்த்தார். தகரச் சேவல் வழக்கம்போல் முதல்வர் அறையைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி நின்றது. கூவியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. ஊழியத் துறையில் அதற்குப் படிவம் கிடையாது.